மாதாவுக்கு அனுப்பிய சேலை

1

எங்கள் பங்குக் கோயிலில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் எல்லாரும் சேர்ந்து பட்டினி இருப்பார்கள். பட்டினி என்றால் சோறு சாப்பிடுவார்கள். பாரிசுக்குப் புறநகர் இது. கோயிலுக்குப் பின்னால் ஒரு கூடம், அதில் நீள நீளமான மேசைகள். ஆளுக்கு ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு, உப்புகூடக் கிடையாது. வீட்டில் வழக்கம்போலச் சாப்பிட்டிருந்தால் என்ன செலவாகியிருக்குமோ அதை வாசலில் இருக்கும் தகர டப்பாவில் போட வேண்டும். அது பசித்த நாடுகளுக்குப் போகும். எது பசித்த நாடு என்பது சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்தால் தெரியும். பெரும்பாலும் எங்கள் ஊர்ப்பக்கமாகத்தான் இருக்கும்.

முதல் வருஷம் நான் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டேன். மேசையே திரும்பிப் பார்த்தது. எதிரே பாதிக் கிண்ணத்தோடு போராடிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறீர்கள்!" என்றார். குழம்பில்லாமல் சாப்பிட்டதுதான் அன்றைக்கு நான் பட்ட கஷ்டம். அவர் கண்ணில் நீரைப் பார்த்ததும் அதைச் சொல்ல மனம் வரவில்லை. கொஞ்சம் சோகமாக இரண்டாவது கிண்ணத்தையும் சாப்பிட்டேன்.

இந்த வருஷத்து அழைப்பு போன வாரம் தபால்பெட்டியில் கிடந்தது. அதே கிண்ணம் வரைந்த படம். என் மனைவி மார்த்தா அதை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேசைமேல் விரித்து அதன்மேல் உருளைக்கிழங்குத் தோல் சீவ ஆரம்பித்தாள்.

"இந்த வருசமும் போவ வேணாங்க" என்றாள்.

அதற்கு முன் இரண்டு வருஷம் போகவில்லை. ஏன் என்று இங்கே யாருக்கும் சொன்னதில்லை. சொல்வதென்றால் முதலில் சூசையப்பர் விருந்தை விளக்க வேண்டும், அப்புறம் அண்ணியை விளக்க வேண்டும். பிரெஞ்சில் அண்ணிக்கு 'அழகிய சகோதரி' என்று பெயர். அந்த மொழியில் என் கதையைச் சொல்ல முடியாது. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

2

புதுச்சேரி நெல்லித்தோப்பில் வீடு கட்டிய வருஷம் அப்பா தொடங்கிய வழக்கம் அது. மார்ச் பத்தொன்பது சூசையப்பர் திருநாள். காலைப் பூசை முடிந்ததும் அப்பா கோயில் வாசலில் நிற்பார். பிச்சைக்கு வந்தவர்களில் ஒரு வயதானவர், ஒரு பெண், ஒரு குழந்தை என்று மூன்று பேரைக் கைகூப்பி வீட்டுக்கு அழைத்துவருவார். அன்றைக்கு அவர்கள்தான் சூசையப்பர், மாதா, பாலயேசு.

முதலில் தட்டில் வைத்துப் புதுத்துணி. அதைக் கட்டிக்கொண்டு அவர்கள் வந்து பாயில் உட்கார்ந்ததும், அப்பா பித்தளைத் தாம்பாளத்தில் அவர்கள் காலை எடுத்து வைத்து வெந்நீரால் கழுவுவார். விரல் இடுக்குவரை துடைத்துவிடுவார். அம்மா குனிந்து ஒவ்வொரு பாதத்திலும் முத்தம் கொடுப்பாள். பிறகு தலைவாழை இலை. தவக்காலம் என்பதால் கறி மீன் கிடையாது. சாம்பார், வாழைக்காய், வடை, பாயசம். அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை வீட்டில் யாரும் வாயில் ஒரு பருக்கை வைக்கக் கூடாது. ஏழைக்குச் செய்வது ஆண்டவருக்கே செய்வது என்று பிரசங்கத்தில் எல்லாருக்கும்தான் சொல்கிறார்கள். அப்பா அதை அப்படியே எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டவர். ஒரு வருஷம் சாப்பிட்டு முடித்த சூசையப்பர் பீடி கேட்டார். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குத் தானே போய் வாங்கிவந்து, தீக்குச்சியும் கிழித்துக் கொடுத்தார்.

அந்த விருந்துக்கு ஒரே ஒரு சட்டம். வந்தவர்களை யார் என்று கேட்கக் கூடாது. ஒருமுறை என் அத்தை, வடை வைத்துக்கொண்டே, "எந்தூரும்மா நீ?" என்று மாதாவைக் கேட்டுவிட்டாள்.

"பேரு கேக்காத, ஊரு கேக்காத" என்றார் அப்பா. "கேட்டுட்டா அவ வேற யாரோ ஆயிடுவா."

எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். சவரிமுத்து அண்ணன், நான், கடைசியாகத் தங்கை தெரேஸ். தாம்பாளத்தைத் தூக்கிவருவது தெரேஸின் வேலை. பாதி வெந்நீரைத் தன் பாவாடையில் ஊற்றிக்கொண்டு வருவாள். தான் எப்போது மாதாவாக உட்காருவது என்று வருஷா வருஷம் கேட்பாள். "நீ வூட்டுப் பொண்ணுடி. வூட்டுப் பொண்ணு குடுக்கணும், வாங்கக் கூடாது" என்பார் அப்பா.

3

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பிரான்சுக்கு வந்தேன். அடுத்த சில வருஷங்களில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். வீடும் விருந்தும் அண்ணன் பொறுப்பில் வந்தன. அண்ணன் பொதுப்பணித்துறையில் குமாஸ்தா. அவர் சோறு போடட்டும், துணி என்னுடையது என்று நான் எழுதினேன்.

வெளிநாட்டில் இருப்பவனுக்குத் தர்மம் செய்வது ஒரு வகையில் ஊரில் இருப்பதுபோல. இங்கே அலுவலகத்தில் என் பெயரையே ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை. வீட்டில் என் மகள் சிசில் பூனையை "வாங்க" என்றும் விருந்துக்கு வந்த பங்குச் சாமியாரை "வா" என்றும் கூப்பிடுகிறாள். ஆனால் நெல்லித்தோப்பில் வருஷத்துக்கு ஒரு நாள், முகம் தெரியாத ஒரு பெண் நான் அனுப்பிய சேலையைக் கட்டிக்கொண்டு என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பனி பெய்யும் காலையில் பேருந்துக்கு நிற்கும்போது அதை நினைத்துக்கொண்டால் காது கொஞ்சம் சூடாகும்.

ஜனவரி பிறந்தால் நான் துணி எடுக்கப் போவேன். பெரியவருக்கு வேட்டி, குழந்தைக்குச் சட்டை. மாதாவுக்கு எப்போதும் பூப்போட்ட நீலப் பாலியஸ்டர் சேலை. உழைக்கிறவளுக்குத் துவைக்கச் சுலபம், நீலம் மாதாவின் நிறம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன். அதோடு தெரேசுக்கு ஒரு பட்டு. ஒரே தங்கை. மில்லில் வேலை பார்த்த அருளப்பனுக்குக் கட்டிக்கொடுத்தோம். மில்லை மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து பட்டு கொஞ்சம் கனமாகவே எடுத்தேன். காஞ்சிபுரத்திலிருந்து பாரிசுக்கு வந்த பட்டை, பாரிசில் மும்மடங்கு விலை கொடுத்து வாங்கி, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே திருப்பி அனுப்பிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊருக்குப் போகிறவர் யாராவது எடுத்துச் செல்வார்கள். மூட்டை அண்ணன் வீட்டில் இறங்கும். தெரேஸ் வீடு மாறிக்கொண்டே இருந்ததால் அவளுக்கு எழுதும் கடிதமும் அண்ணன் வீட்டுக்குத்தான். சேலைகளின் மேல் சீட்டு குத்தியிருப்பேன்: பாலியஸ்டருக்கு 'மாதாவுக்கு', பட்டுக்கு 'தெரேசுக்கு'. ஏப்ரலில் அண்ணனிடமிருந்து பதில் வரும். எல்லாம் வந்து சேர்ந்தது, விருந்து நல்லபடி முடிந்தது, தெரேஸ் சௌக்கியம், உன்னை விசாரித்தாள்.

4

சில வருஷங்களுக்கு முன் எங்கள் கோயில் பட்டினியன்று, ஓதில் என்ற இளம் நர்ஸ் படங்கள் காட்ட வந்திருந்தாள். இந்தியாவில் ஒரு வருஷம் தொண்டு செய்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். எந்த ஊர் என்று அழைப்பில் போடவில்லை. விளக்கை அணைத்து, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, படக்கருவியைப் போட்டதும் முதல் படத்திலேயே புதுச்சேரிக் கடற்கரை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிசில்கூடக் கிண்ணத்தை விட்டுவிட்டுப் பார்த்தாள்.

அடுத்தடுத்து மாட்டுவண்டி, மீன்காரிகள், மருத்துவமனை வாசலில் படுத்திருக்கும் கூட்டம். "இப்போது நான் பார்த்ததிலேயே அழகான ஒரு வழக்கத்தைக் காட்டுகிறேன்" என்றாள் ஓதில். கருவி கடகடவென்றது. துணியில் எங்கள் வீட்டுக் கூடம் விழுந்தது. எங்கள் சுவர், எங்கள் திருஇருதயப் படம், எங்கள் தாம்பாளம். பாயில் மூன்று பேர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெண் மேல் நான் அனுப்பிய நீலப் பாலியஸ்டர். அவள் எதிரே முக்காடிட்ட ஒரு பெண் குனிந்து பாதத்தில் முத்தமிட்டுக்கொண்டிருந்தாள். அவள் கட்டியிருந்தது வாடாமல்லி நிறப் பட்டு, மாம்பழக் கரை. அதற்கு முந்தைய வருஷம் நான் தெரேசுக்கு எடுத்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பொதுவாக நான் கூட்டத்தில் எழுந்து நிற்கும் ஆள் இல்லை.

"மன்னியுங்கள், அது என் வீடு!" என்றேன்.

கூடமே கைதட்டியது. பங்குக் குரு என் தோளில் கையை வைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "அந்தப் பட்டுச்சேலை கட்டியிருப்பவள் என் தங்கை" என்று உரக்கச் சொன்னேன். இன்னும் பலமான கைதட்டல்.

ஓதில் மட்டும் தட்டவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். பிறகு அடுத்த படத்துக்கான பொத்தானை அழுத்தினாள். இந்தமுறை எல்லா முகங்களும் தெரிந்தன. பட்டுச்சேலையில் நிமிர்ந்துகொண்டிருந்தவள் என் அண்ணி. நீலச் சேலையில், பாயில், ஒரு கிழவருக்கும் குழந்தைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவள் தெரேஸ்.

"இந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும்" என்றாள் ஓதில் மெதுவாக. "கணவருக்கு நெஞ்சுவியாதி. மருந்து வாங்க இவர் எங்கள் மருந்தகத்துக்கு நடந்தே வருவார். முகத்தைப் பாருங்கள், எவ்வளவு கம்பீரம்."

சிசில் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவள் என்னிடம் தமிழில் பேசுவது அபூர்வம். அன்று பேசினாள். "அப்பா, அது தெரேஸ் அத்தை. ஏன் அத்தை அங்க உக்காந்துக்கிறாங்க?" அந்தக் கேள்வியைப் பிரெஞ்சில் கேட்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

விளக்கைப் போட்டதும் ஆசிரியை ஓடிவந்தார். ஏழையின் காலில் முத்தமிடும் தங்கை வாய்க்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். ஆமாம் என்றேன். கிண்ணத்தில் மிச்சம் இருந்த சோற்றைச் சாப்பிட்டேன். அன்று இரண்டாவது கிண்ணம் கேட்கவில்லை.

5

அடுத்த வாரம் வரி அலுவலகத்தில் போய் நின்றேன். என்னைச் சார்ந்து வாழ்கிறவர்கள் பட்டியலில் தங்கையைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அங்கிருந்த பெண்மணி நல்ல மாதிரி. படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். மனைவிக்குக் கட்டம் உண்டு, பிள்ளைகளுக்குக் கட்டம் உண்டு, பெற்றோருக்குக்கூட ஒரு மூலையில் இடம் உண்டு.

"தங்கைக்குக் கட்டம் இல்லை, முசியே."

"எங்கே எழுதுவது?"

"எங்கேயும் எழுத வேண்டாம்" என்றார் அன்பாக.

பிரெஞ்சு அரசாங்கமும் என் அண்ணியும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

6

ஆகஸ்டு விடுமுறையில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். மாதா பரலோகத் திருநாளுக்காகக் கோயிலில் கொடி ஏறியிருந்தது. அண்ணன் ஆட்டோவை நிறுத்தி, பெட்டியைத் தானே இறக்கினார். அண்ணி இறால் வறுத்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். அந்தக் கூடத்தில் வெறும் வயிற்றோடு சண்டை போடக் கூடாது என்று ஏதோ தோன்றிற்று. பிறகு கேட்டேன்.

அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு எதிர்ச்சுவரைப் பார்த்தார். "போட்டோலாம் எடுக்கிதுன்னு அப்பவே நெனச்சேன்" என்றார். "அந்த வெள்ளக்காரப் பொண்ண உள்ள வுட்டது தப்பு."

"தெரேஸ உக்காரவெச்சது?"

"நான் எங்கடா உக்காரவெச்சேன்? அவளா வந்து உக்காந்தா."

"அவ யாருன்னு கேக்கலியா நீ?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பேரு கேக்கக் கூடாதுன்னு அப்பாதானடா சொன்னாரு" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறார் என்று தெரிந்தது.

"பட்டு?"

அண்ணி சமையல்கட்டிலிருந்தே பதில் சொன்னாள். "பட்டு அவளுக்கு எதுக்கு தம்பி? காலைல பஸ் புடிச்சி சேதராப்பட்டு கம்பெனிக்குப் போறா, பாட்டிலுக்கு மூடி போடறா. பட்டு கட்டிக்கினு போய் மூடி போடுவாளா? வித்துத் தின்னுடுவா. நம்ம வூட்டுப் பட்டு கடைத்தெருவுல தொங்கினா நல்லாவா இருக்கும்? நான் கட்டினா வூட்டுலயே கெடக்கும். பத்திரமா வெச்சிருக்கேன் பாருங்க." பீரோவைத் திறந்து காட்டினாள். நான் அனுப்பிய அத்தனை பட்டும் பூச்சியுருண்டை வாசனையோடு அடுக்கியிருந்தன. கட்டியதுகூட மடிப்புக் கலையாமல் இருந்தது.

திருடு போயிருந்தால் கத்தியிருப்பேன். இவ்வளவு பத்திரமாக ஏமாற்றப்பட்டவன் என்ன செய்வான்? "நல்லா வெச்சிருக்கீங்க அண்ணி" என்று என் வாய் சொன்னது.

7

மறுநாள் தெரேஸைப் பார்க்கக் கோரிமேட்டுக்குப் பேருந்தில் போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகளோடு சேர்ந்து இறங்கி, விசாரித்துக்கொண்டே நடந்தேன். ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். ஆஸ்பத்திரி பக்கம் என்று அங்கே குடிவந்திருக்கிறார்கள். மச்சான் அருளப்பன் கட்டிலில் உட்கார்ந்து சுவாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது அதுவே முழுநேர வேலை; பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்திருந்தது.

"இன்னா சின்னண்ணா, மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு வந்துகிற?" என்றாள் தெரேஸ். "பாரிசுல அதான் பேஷனா?"

நான் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள். "போட்டோல எப்பிடி இருந்தேன்?"

"கம்பீரமா இருக்கன்னாங்க."

"பின்ன?"

பிறகு காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். முதல் வருஷம் அவள் விருந்துக்கென்று போகவில்லை. மருந்துச் செலவுக்கு அண்ணனைப் பார்க்கப் போயிருக்கிறாள். அண்ணி அவளைப் பின்வாசலில் நிற்கவைத்துவிட்டு, இன்னிக்கு நாள் கெழமையில் வந்து நிக்கிறியே என்றாளாம். உள்ளே கிழவரும் குழந்தையும் உட்கார்ந்தாகிவிட்டது. அழைத்த பெண் வரவில்லை. வடித்த சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. அண்ணன் தெருவுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார்.

"நான் பாத்தேன். தட்டுல நீலச் சேல இருந்துச்சி. எடுத்து மேல சுத்திக்கினேன். போயி பாயில உக்காந்துட்டேன். பேரு கேக்கக் கூடாதில்ல? யாரும் கேக்கல."

"அண்ணி?"

"நின்னாங்க. நின்னுக்கினே இருந்தாங்க. சூசையப்பரு பசில என்னம்மான்னாரு. அப்பறம் குனிஞ்சாங்க." தெரேஸ் தன் பாதத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "வருசம் பூரா பின்வாசல்ல நிக்கவெக்கிறவங்க. அன்னிக்கு ஒரு நாள் குனியிறாங்க சின்னண்ணா. அடுத்த வருசம் அவங்களே ஆள் அனுப்பிச்சி கூப்ட்டாங்க. வராம போயி ஊர்ல எதனா சொல்லிடுவேன்னு பயம்."

"எனக்கு எழுதியிருக்கக் கூடாதா? அந்தப் பட்டு..."

"எனக்கு அனுப்புனது. தெரியும். அண்ணிக்கு வாடாமல்லியே புடிக்காது. அது நீ எனக்கு எடுக்கிற கலரு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"எழுதினா? நீ பெரியண்ணனுக்கு எழுதுவ. பட்டு வந்துடும். அப்பறம் என்னக் கூப்பிட மாட்டாங்க." ஆற்றிய காப்பியை என் முன்னால் வைத்தாள். "எனக்குப் பட்டு வேணாம். அந்த நாளு வேணும். பெரியண்ணன் தண்ணிய பதமா வெலாவி எடுத்தாராரு. அப்பா மாதிரியே வெரல் இடுக்குல தொடைக்கிறாரு. தொடைக்கும்போது அழுவுறாரு. நெசமா. மத்த நாள்ல என்னப் பாத்தா சைக்கிள வேற தெருவுல திருப்பிக்கினு போயிடுவாரு."

நிறையப் படித்தவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அன்றைக்குக் காப்பியைக் குடித்தேன்.

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அவளே என்னைத் தேற்ற ஆரம்பித்தாள். "வேணும்னா ஒண்ணு பண்ணு. அடுத்த வருசம் மாதாவுக்குப் பட்டு அனுப்பு, தங்கச்சிக்குப் பூப்போட்டது அனுப்பு. அண்ணி இன்னா பண்றாங்கன்னு பாக்கலாம்."

இருவரும் சிரித்தோம். சின்ன வயதில் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்துவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு. கட்டிலிலிருந்து அருளப்பன் மட்டும் கையை அசைத்தார்.

"வேணாம்" என்றார், மூச்சுக்கு நடுவே. "உங்க அண்ணிய... உங்களுக்குத் தெரியாது."

8

ஜனவரியில் நான் எடுத்தது போல ஒரு பட்டு அந்தக் கடையில் அதுவரை விற்றிருக்காது. இரண்டு பக்கமும் ஜரிகைக்கரை. 'மாதாவுக்கு' என்று பெரிதாக எழுதிச் சீட்டு குத்தினேன். நீலப் பாலியஸ்டரில் 'தெரேசுக்கு'. எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. ஏழைக்கு நல்லதைக் கொடு என்று அப்பா சொல்லாமல் சொன்னதைக் கடைசியில் செய்துவிட்டேன். கூடவே அண்ணிக்கும் ஒரு பாடம். ஒரே மூட்டையில் பக்தியும் பழியும்.

ஏப்ரலில் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. இந்தமுறை கலர் போட்டோ ஒன்றும் வைத்திருந்தார். நான் படம் கேட்பேன் என்று தெரிந்தேதான். எங்கள் கூடம். பாய். கிழவர், குழந்தை. நடுவில், இரண்டு பக்கமும் ஜரிகைக்கரை போட்ட பட்டில், நிறைய நகையோடு, அண்ணியின் அம்மா.

அந்த அம்மாளை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். முத்தியால்பேட்டையில் வாடகைக்கு விட்ட வீடுகளும் வீட்டுக்கொரு வழக்கும் உள்ளவர். அண்ணி மிகுந்த பக்தியோடு குனிந்து தன் தாயின் பாதத்தில் முத்தமிட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுதியிருந்தார்: விருந்து நல்லபடி முடிந்தது. மாதாவுக்கு அனுப்பிய பட்டு மாதாவுக்கே போய்ச் சேர்ந்தது. தெரேசுக்கு அனுப்பியதைத் தெரேசிடமே கொடுத்தாகிவிட்டது.

ஒரு வரியில்கூடப் பொய் இல்லை.

தெரேசிடம் பேசத் தோதாக அவள் சந்துமுனையில் ஒரு மருந்துக்கடையின் டெலிபோன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சொல்லிவைத்துக் கூப்பிட்டேன். பின்வாசலில் வைத்து நீலச் சேலையைக் கையில் கொடுத்ததாகச் சொன்னாள்.

"போவட்டும் சின்னண்ணா" என்றாள். "சேல புதுசாத்தான் இருக்கு. என் காலத்தான் யாரும் கழுவல."

9

அதற்குப் பிறகு நான் அண்ணன் வீட்டுக்குத் துணி அனுப்புவதில்லை. தெரேசுக்கு நேராக அனுப்புவதை அவள் வாங்கிக்கொள்கிறாள். மருந்துக்கு ஆகிறது. ஆனால் நான் அவளிடமிருந்து வாங்கித் தொலைத்த ஒரு நாளை எந்தத் தபாலிலும் திருப்பி அனுப்ப முடியவில்லை. விருந்து இப்போதும் நடக்கிறதாம். மாதாவின் நகை வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதாம்.

போன வெள்ளிக்கிழமை, உருளைக்கிழங்குத் தோல் ஒட்டிக்கொண்டிருந்த அழைப்பைத் துடைத்து எடுத்தவள் சிசில். "நான் போறேன், நீங்க வர்றீங்களா?" என்றாள். அவள் யாரையாவது 'நீங்க' என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது. போனேன்.

ஓதிலின் படத்தை அவர்கள் பெரிதாக்கிக் கூடத்து வாசலில் மாட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. முதுகைக் காட்டும் படமல்ல, முகம் தெரியும் படம். வெயில் பட்டு வாடாமல்லி வெளுத்திருந்தது. பாலியஸ்டர் நீலம் அப்படியே இருந்தது. பங்குக்குப் புதிதாக வந்த ஒரு தம்பதியிடம் குரு என்னை இழுத்துக்கொண்டு போனார். "இவர் வீடுதான் அது! ஏழையின் காலில் முத்தமிட்டு நிமிர்கிறாரே, இவருடைய தங்கை" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அந்தக் கூடத்தில் இதுவரை இதற்கு என் வாயிலிருந்து வந்தது 'ஆமாம்' ஒன்றுதான்.

"இல்லை, சாமி" என்றாள் சிசில் பிரெஞ்சில், அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிறமாதிரி. "என் அத்தை உட்கார்ந்திருப்பவர். நீலச் சேலை."

குரு படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தத் தம்பதி கையில் கிண்ணத்தோடு நின்றார்கள்.

"அப்படியானால்..." என்றார் குரு, "பட்டுச்சேலையில் இருக்கும் பெண் யார்?"

"அதைக் கேட்கக் கூடாது" என்றாள் என் மகள். "எங்கள் வீட்டு வழக்கம்."

பிறகு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். இருவரும் உட்கார்ந்து வெறுஞ்சோறு சாப்பிட்டோம்.